நான்காம் பாகம், ஓடாத எழுத்தில்

என் மனைவி சியூலுவானின் இடது கண்ணுக்கு டாக்டர் விலை சொன்னார்: ஊசி ஒன்றுக்கு முப்பதாயிரம் தைவான் டாலர். வலது கண்ணுக்கு விலை சொல்லவில்லை, அது ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. தைபேயின் டிஹுவா தெருவில் காய்ந்த காளானும் கணவாய் மீனும் விற்று வளர்ந்தவன் நான். வாய் சும்மா இருக்குமா? "மூணா சேர்த்துப் போட்டா கொஞ்சம் கொறைப்பீங்களா டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "போட்டாலும் இந்த வருஷத்தத் தாண்டுமான்னு சொல்ல முடியாது. பாக்க வேண்டியத இப்பவே பாத்துக்கச் சொல்லுங்க."

மலை, கடல், பேரன் முகம் என்று ஏதாவது கேட்பாள் என நினைத்தேன். டாக்ஸியில் ஏறியதும் சியூலுவான் சொன்னாள்: "எனக்கு நாலாம் பாகம் படிக்கணும்."

உப்பளக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவல் அது. மூன்று பாகங்களையும் காகிதத்தில் படித்து முடித்திருந்தாள். மூன்றாவதின் கடைசிப் பக்கத்தில் மூத்த மருமகள் வீட்டுச் சாவிக்கொத்தோடு படகேறுகிறாள். எங்கே போனாள் என்பது நான்காவதில் இருக்கிறது.

"நான் படிச்சுக் காட்டறேன்."

"மொத பாகத்துல ரெண்டு பக்கம் படிச்சீங்களே, போதும். நீங்க படிச்சா மாமியாருலேர்ந்து மாஜிஸ்ட்ரேட் வரைக்கும் எல்லாரும் காளானுக்கு வெல பேசறாங்க. என் கண்ணால படிச்சுக்கறேன்."

காகிதம் அவள் கண்ணுக்கு ஆகாமல் போய்விட்டது. வெள்ளைத் தாள் கூசும், பூதக்கண்ணாடி வைத்தால் நடுவில் கறை நிற்கும். டேப்லெட்டில், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கட்டைவிரல் பருமனுக்கு இருந்தால் ஓரக்கண்ணால் பிடித்துவிடுவாள். செய்தியெல்லாம் அப்படித்தான் படிக்கிறாள்.

எங்கள் நூலகத்தின் மின்னூல் பட்டியலில் நாலாம் பாகம் இருந்தது. இரவல் எடுத்துத் திறந்தோம். எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானையே காணோம். விரலால் விரித்தால் பக்கம் மொத்தமாக வீங்கித் திரைக்கு வெளியே போனது. சீன எழுத்தில் மேலிருந்து கீழே இறங்கும் வரியைப் பிடித்துக்கொண்டு போனால் பாதியில் அது காணாமல் போகும், இழுத்துப் பிடித்தால் பக்கத்து வரியில் கொண்டுபோய் விடும்.

"படகுல ஏறினவ இப்ப பன்னிக்குத் தவிடு வெக்கறா" என்று சியூலுவான் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

நூலகத்தில் மின்னூல்களைப் பார்த்துக்கொள்பவர் யூ பெய்ஜென் என்ற சின்ன வயதுப் பெண். போய்க் கேட்டேன்.

"இது பி.டி.எஃப். ஐயா. அச்சுப் பக்கத்த ஃபோட்டோ எடுத்து வெச்ச மாதிரி. உங்க வீட்டம்மாவுக்கு ஓடற எழுத்து வேணும். எவ்வளவு பெரிசாக்கினாலும் வரி தானா மடிஞ்சு திரைக்குள்ளயே நிக்கும்."

"அது எங்க இருக்கு?"

"பதிப்பகத்துல இருக்கு. நாங்க வாங்கல. தனியாளுக்கு அவங்க தர்றதில்ல, நூலகங்களுக்கு மட்டும்தான்."

பதிப்பகத்துக்கே போனேன். மூன்று மடங்கு தருகிறேன் என்றேன், பிறகு பத்து மடங்கு. வரவேற்பில் இருந்த பையன் எனக்கு டீ கொடுத்தான், புத்தகம் தரவில்லை. எதிராளியிடம் சரக்கு இருக்கிறது, என் கையில் பணம் இருக்கிறது, வியாபாரம் மட்டும் நடக்கவில்லை. இப்படி ஒரு கடையை நான் பார்த்ததே கிடையாது.

திரும்பி வந்து யூவிடம் சொன்னேன்: "அப்ப நீங்களே வாங்குங்கம்மா."

"நெறைய பேர் கேட்டா வாங்குவாங்க ஐயா. நவம்பர்ல கமிட்டி உக்காரும். ஆள் சேர்த்துக் கேளுங்க."

ஆள் சேர்ப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடை கடையாக ஏறி இறங்கினேன். "சியூலுவானுக்கு ஒரு புஸ்தகம் வேணும். நூலகத்தோட இணையப் பக்கத்துல போய் கொஞ்சம் ஆதரவு காட்டுங்க" என்றேன், புத்தகத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

"அண்ணிக்குன்னா ஆதரவு என்ன, புஸ்தகத்தையே கஷாயம் வெச்சுக் குடிச்சிடறேன்" என்றான் மூலிகைக்கடை லாய்.

நவம்பரில் யூ என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் ஒரு பை நல்ல காளானோடு போனேன். அவர் பையைத் தொடவில்லை.

"இந்த வருஷம் அதிகமா இரவல் போன நாவல்ல நாலாம் பாகமும் ஒண்ணு ஐயா."

"சந்தோஷமான சமாச்சாரம்தானே?"

"எல்லாரும் பி.டி.எஃப்.ஐ இரவல் எடுத்திருக்காங்க. ஓடற எழுத்து வேணும்னு கேட்டது மூணு பேர்தான். நீங்க, உங்க வீட்டம்மா, நான்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒருவன் புதுக்கடை திறந்தால் மற்றவர்கள் போய், அலமாரியில் எது இருக்கிறதோ அதில் ஆளுக்கொன்று வாங்கி அவன் மானத்தைக் காப்பாற்றுவோம். 'இது வேண்டாம், வேறு கொண்டா' என்று கேட்பது அவனை அவமானப்படுத்துவது. நான் ஆதரவு காட்டச் சொன்னேன், அலமாரியில் இருந்ததை எடுத்தார்கள்.

"கமிட்டி அதே பி.டி.எஃப்.ல இன்னும் பத்துப் பிரதி வாங்கிடுச்சு" என்றார் யூ. "ஒரே புஸ்தகத்துக்கு மறுபடி பணம் ஒதுக்கணும்னா அடுத்த நவம்பர்தான்."

"யாரப் பாத்துப் பேசணும்?"

"எல்லாரையும் பாத்துப் பேசிட்டேன் ஐயா."

திரும்பும் வழியில் லாய் கடைக்குள்ளிருந்து கை ஆட்டினான். "நாலு தடவ எடுத்தேன் அண்ணே. ஒரு பக்கம் தொறக்கல. மச்சினன் பேர்லயும் எடுத்தேன். வந்துடுச்சா?"

"ரொம்ப நன்றிப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது?

சியூலுவான் காளானைத் தடவிப் பார்த்தே ரகம் பிரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அப்ப தெரு பூரா என் புஸ்தகம்தான்."

"ஆமா."

"லாய் தம்பிகிட்ட ஒண்ணும் சொல்லிடலயே?"

"நன்றின்னு மட்டும் சொன்னேன்."

"நல்லது. அவன் என்ன பண்ணுவான்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டில் செய்தியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். "ஏங்க, இத இன்னும் ஒரு சுத்து பெரிசாக்குங்களேன்." வாங்கிப் பார்த்தேன். ஏற்கெனவே கடைசி அளவில்தான் இருந்தது. பெரிதாக்கிவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

"ம், இப்ப தேவல" என்றாள்.

வியாபாரி என்பதால் அன்றே கணக்கை முடித்துவிட்டேன். இரவல் போனது இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. படித்தவர் எவருமில்லை. நூலகம் புதிதாக வாங்கிய பி.டி.எஃப். பிரதி பத்து, ஓடும் எழுத்து பூஜ்யம். தெருவில் நான் நன்றி சொல்ல வேண்டிய கடைகள் நாற்பது, சொல்லியாகிவிட்டது. சியூலுவானுக்கு வர வேண்டியது புத்தகம் ஒன்று. பாக்கி.