முன்னால் போனவள்

யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போகும் நூலக வண்டியை ஓட்டுவது நான். வயதானவர்கள் வண்டியில் ஏறியதும் நேராகப் போவது பெரிய எழுத்துக் காதல் நாவல்கள் இருக்கும் அலமாரிக்குத்தான். பாதிரியார் வீட்டில் வளரும் அநாதைப் பெண், முறைத்துக்கொண்டே திரியும் பண்ணைக்காரன், ஒரு நடன விருந்து, ஒரு மனத்தாங்கல், கடைசியில் கல்யாணம். அரைத்த மாவையே அரைக்கிற இந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், எதைப் படித்தோம் என்று அவர்களுக்கே குழம்பிவிடும். அதனால் ஆளுக்கொரு ரகசிய அடையாளம் உண்டு. படித்த புத்தகத்தின் முப்பதாம் பக்கத்தில், எண்ணுக்கு அடியில், ஒருத்தி பென்சிலால் வட்டம் போடுவாள், ஒருத்தி சிலுவை. வினிஃப்ரெட் ஆல்டர்சனுடையது குருவிக்கால். மூன்று சின்னக் கோடுகள். விதிப்படி குற்றம்தான், நான் கண்டுகொள்வதில்லை.

போன குளிர்காலத்தில் வினிஃப்ரெட்டுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. வண்டிக்கு வருவது நின்றது. நானே வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோனேன். அவர் படிக்காதது என்று அலமாரியில் எதுவும் மிச்சமில்லை. படித்ததையே கொடுத்தேன், புதிது போலப் படித்தார். ஒரு நாள் பேயறைந்தவர் போலக் கதவைத் திறந்தார்.

"ஹிலரி, எனக்கு முன்னாடியே ஒருத்தி எல்லாத்தையும் படிச்சிட்டுப் போறா."

"யாரு?"

"தெரியலம்மா. பாரு, குருவிக்கால் போட்டு வெச்சிருக்கா. எதை எடுத்தாலும் அவ இருக்கா. மாடியில பக்கம் பொரட்டுற சத்தம்கூடக் கேக்குது."

அது நீங்கள் போட்டதுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாக இருக்கிறவர். பயந்துபோய்ப் படிப்பதையும் விட்டால், அந்த வீட்டில் அவருக்குத் துணை சுவர்க் கடிகாரம் மட்டும்தான்.

அடுத்த முறை கொண்டுபோன புத்தகங்களில் குருவிக்காலையெல்லாம் ரப்பரால் அழித்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மறுபடி நான் போனபோது ஒரு புத்தகம் பாதியில் கவிழ்ந்து கிடந்தது, மற்றவை தொடாமல் கிடந்தன. மேஜையில் இரண்டு கோப்பை. ஒன்று காலி, இன்னொன்றில் தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

"அவ செத்துட்டாளா ஹிலரி?"

"எவ?"

"குருவிக்கால்காரி. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அவ கடைசிவரைக்கும் போய்ப் பாத்துட்டு, ஒண்ணும் ஆகல, தைரியமா வாடின்னு சொல்ற மாதிரி இருக்கும். இப்ப எதுலயும் காணோம். இந்தக் கதையில அந்தப் பையன் கப்பலேறிப் போயிட்டான். திரும்பி வருவானான்னு யாரு சொல்லுவா?"

"வருவான். இந்தக் கதைங்கள்ல வராம எங்க போவான்?"

"நீ படிச்சியா?"

புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மேட்டில், பனிமூட்டத்துக்குள் வண்டியை நிறுத்திப் படித்தேன். அவன் வருவான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வந்தபோது அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

முப்பதாம் பக்கத்தில் குருவிக்காலை நானே போட்டுவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். உயிரோடு இருப்பவரின் பேயாக நான் வேஷம் கட்டுவது போலிருந்தது, கை வரவில்லை. ஒரு சின்னச் சதுரம் போட்டேன்.

திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வினிஃப்ரெட் அந்தப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது அவ இல்லையே."

"இல்ல, நான். முழுசாப் படிச்சேன், மிசஸ் ஆல்டர்சன். வந்துடுறான்."

"மழையிலயா?"

"தொப்பலா நனைஞ்சு வர்றான்."

"குடை வாங்க வக்கில்ல, காதல் வேற," என்று சிரித்தார்.

நான் இரண்டு கோப்பையில் தேநீர் போட்டுக்கொண்டு திரும்பினேன். மேஜையில் நான் விட்டுப்போன பென்சில் அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது. என் சதுரத்துக்குப் பக்கத்தில் புதிதாக மூன்று கோடுகள். அவர் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, இங்கதான் இருக்கா," என்றார் மெல்ல. "உனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்திருக்கா."

நான் பென்சிலைப் பார்க்காதது போல் திரும்பிப்போய், மூன்றாவது கோப்பையை எடுத்துவந்தேன்.