கடல் சத்தம் கேட்காத ஊர்

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் அஞ்சலாட்சியை ஒரு நாளாவது தஞ்சாவூருக்குக் கூட்டிப் போய்விட வேண்டுமென்று கன்னியப்பன் ஒற்றைக்காலில் நின்றான். அவர்களுடைய ஒரே மகன் ஆகாஷைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருஷமாகிறது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் மீனை வாயில் வைப்பதில்லை. எந்த மீன் பிள்ளையைத் தின்றதோ என்ற நினைப்பு. ஆனால் விடிந்தால் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து அதே மீனைத்தான் வெட்டி விற்றாக வேண்டும். பாழாய்ப்போன வயிறு யாரை விட்டது?

"விடியக்காலம் பஸ் ஏறினா மதியத்துக்குள்ள போயிடலாம். பெரிய கோயிலப் பாத்துட்டு அரண்மனையும் பாத்துடலாம். புளிசாதம் கட்டிக்க," என்றான், வலையைத் தைத்துக்கொண்டே.

அவள் மீன் வாடை போக எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அங்க கடல் இல்லல்ல?"

"கடல் எங்கியோ இருக்குது."

"சத்தம்?"

"கேக்காது."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகம் தெளிந்ததைப் பார்த்ததும் கன்னியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சாயங்காலம் வரைக்கும் கோயில்லயே உக்காந்திருக்கலாம். அப்பறம் பஸ்ஸப் புடிச்சா ராத்திரிக்குத் திரும்பிடலாம்."

"திரும்பித்தான் ஆவணுமா?"

அவன் குனிந்து பார்த்தான். அடுத்த வாரம் அவன் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய வலை, பாதி தைத்தபடி மடியில் கிடந்தது.