துரை சொன்னதும் அக்கா சொன்னதும்

துரை என்பது அவன் பெயரல்ல. நாற்காலியை விட்டு இறங்காமலே வீட்டிலிருக்கும் எல்லோரையும் வேலை வாங்குகிறான் என்று சின்ன வயதில் அக்கா வைத்த பட்டம். இப்போது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது, அக்காவுக்கு ஐம்பத்தொன்று. வீட்டில் எல்லோரும் என்றால் அக்கா ஒருத்திதான். அப்பா முதலில் போனார், அம்மா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. முன்னறையில் அக்காவின் தையல் மெஷின், பின்னறையில் துரையின் கட்டில், நடுவே சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்கு இடம். குடும்பம் அவ்வளவுதான்.

பிறக்கும்போதே மூளையில் பட்ட அடி. பெருமூளை வாதம் என்பார்கள். அறிவில் ஒரு குறையும் இல்லை, ஊரையே விற்றுவிட்டு வருகிற அறிவு. உடம்புதான் சொன்ன பேச்சைக் கேட்காது. தலை தன்னிஷ்டத்துக்குத் திரும்பும், இடது கை வீசும், கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஓரளவு அடங்கி நடப்பது வலது கை மட்டும். பேனா பிடிக்காது, போனில் எழுத்தைத் தொடாது. ஆனால் பேட்டரி நாற்காலியின் குச்சியைப் பிடித்து ஓட்டும்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு துரை தினமும் காலையில் ஒன்றரைத் தெரு தள்ளியிருக்கும் நூலகத்துக்குத் தனியாகப் போவான். மடிமேல் பூட்டிய பலகையில், வாசகர்கள் திருப்பித் தந்த புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கவுன்டருக்கும் அலமாரிகளுக்கும் நடுவே ஒரு மணிவரை ஓடுவான். அங்கே என்ன செய்கிறாய், யாரைப் பார்த்துப் பல்லிளிக்கிறாய் என்று அக்கா கேட்டால், "உனக்கெதுக்கு?" என்பான். அவள் கண்ணில் படாமல் அவன் வாழ்கிற வாழ்க்கை அந்த நாலு மணி நேரம்தான்.

அந்த "உனக்கெதுக்கு"கூட அக்காவைத் தவிர வேறு யாருக்கும் விளங்காது. அவன் பேச்சு தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வரும். பாதி எழுத்து மூக்கில் போகும், மீதி எச்சிலில் கரையும். அம்மாவுக்கே சில சமயம் புரியாமல் தட்டும், அக்காவுக்குத் தட்டாது. ஏழு வயதில் அவன் தொட்டிலருகே உட்கார்ந்து கற்றுக்கொண்ட பாஷை அது. பேச்சுப் பயிற்சியாளர் இரண்டு மூன்று தடவை ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டினாள். பெரிய பெரிய பொத்தான்கள். அழுத்தினால் அதுவே பேசும். "எதுக்கு அதெல்லாம்? நான்தான் இருக்கேனே" என்று அக்கா ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை இப்போது நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்காரர்களுக்கென்றே ஒரு குழு உண்டு. மூன்று வயதில் சேர்ந்தவர் எழுபது வயதானாலும் அங்கேதான் வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் ஒரே அறையில் கூடுவார்கள். தலைமை டாக்டர், உடற்பயிற்சிக்காரர், பேச்சுப் பயிற்சியாளர், நாற்காலி முதல் ஸ்பூன் வரை பொருத்தித் தருகிற உபகரணக்காரர், சாப்பாடு பார்க்கிறவர், ஐந்து தொகுதிக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிற நர்ஸ் என்று வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். துரை சொல்வான், அக்கா எடுத்துச் சொல்வாள், நர்ஸ் எழுதுவாள்.

கோளாறு நடந்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். அன்றைக்குக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. நாற்காலி ஏறுகிற பஸ் மூன்று நாற்பதுக்கு, அதை விட்டால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பு கை தைக்காமல் கிடந்தது, ஆறு மணிக்கு ஆள் வந்து நிற்கும். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நெருப்பில் நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக டாக்டர் துரையிடம், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

துரை சொன்னான். நிறையவே சொன்னான். வலது கையில் கடைசி இரண்டு விரல் மரத்துப் போகிறது, தலை பின்னால் வெட்டும்போது கழுத்திலிருந்து கைவரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்றான். அக்காவுக்கு ஒரு எழுத்து விடாமல் விளங்கியது. அதைச் சொன்னால் படம் எடுக்கச் சொல்வார்கள், இன்னொரு டாக்டரிடம் அனுப்புவார்கள், பஸ் போய்விடும் என்பதும் விளங்கியது.

"வெளிய வெயில் அதிகமா இருக்காம்" என்றாள்.

அறையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். நர்ஸ் அதையும் எழுதிவிட்டுக் கோப்பை மூடினாள். துரை அக்காவைப் பார்த்தான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு போன் செய்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். நாளை மறுநாள் ஆயிற்று, அடுத்த வாரம் ஆயிற்று. துரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. சரியாகிப் போயிருக்கும் என்று அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷக் கூட்டத்தில் சொல்வானோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லவில்லை. அதற்கடுத்த வருஷமும் சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லி என்ன கிடைத்தது என்று விட்டுவிட்டவன், மறுபடி எதற்குச் சொல்வான்? அது அவளுக்கு உறைக்க ஐந்து வருஷம் பிடித்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குச்சி துரையின் கையிலிருந்து நழுவி, நாற்காலி நூலகத்துக் கதவு நிலையில் போய் மோதியது. புத்தகமெல்லாம் தரையில். அடுத்த வாரம் ஒரு குழந்தையின் காலருகே போய் நின்றது. நூலகத் தலைவி நல்லவள், வீட்டுக்கே வந்து, கை சரியாகிற வரைக்கும் ஓய்வெடுக்கட்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, கொஞ்ச நாளாக என்று அக்கா பூசி மெழுகிவிட்டு வந்தாள்.

அந்தப் படத்தைப் பார்க்கத்தான் இன்றைக்குக் குழு கூடியிருந்தது. வெளியே காலையிலிருந்து விடாமல் மழை. நாற்காலிச் சக்கரத்தின் ஈரம் வாசலிலிருந்து அறை நடுவரைக்கும் கோடு போட்டிருந்தது.

டாக்டர் படத்தைத் திரையில் காட்டி, அக்காவிடம் அல்ல, துரையிடம் விளக்கினார். நாற்பது வருஷமாகத் தலை ஓயாமல் வெட்டி வெட்டிக் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, உள்ளே போகிற தண்டுவடத்தை அது நெரிக்கிறது, ஆப்பரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார். பிறகு தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது எப்போ ஆரம்பிச்சதுன்னு சரியாத் தெரியணும். ஒரு வருஷத்துக்குள்ளன்னா, ஆப்பரேஷனுக்கு அப்புறம் கை நல்லாவே திரும்பி வர வாய்ப்பு இருக்கு. அதுவரைக்கும் பழைய நாற்காலியை வச்சுக்கிட்டுக் காத்திருக்கலாம். ரொம்ப வருஷம் ஆச்சுன்னா, இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது வராது. அப்போ கையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இடது காலால ஓட்டுற மாதிரி இப்பவே பழக்கணும். பழக ஒரு வருஷம் ஆகும்."

எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். துரை அக்காவைப் பார்த்தான். தலை இரண்டு தடவை வெட்டி ஒரு நிலைக்கு வந்தது. பிறகு மெல்லப் பேசினான்.

"ஆறு மாசம்னு சொல்லு."

அக்காவுக்கு விளங்கிவிட்டது. இவன் மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. எத்தனை பேர் எதிரில் அவள் தலை குனிய வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தன் கையைக் கொடுத்து அவள் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான். அவன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னால் போதும், ஒரு பழியும் வராது. நாற்பது வருஷத்தில் பொய்யை அப்படியே எடுத்துச் சொல்லச் சொல்லி அவன் கேட்டது இதுதான் முதல் தடவை.

டாக்டர் காத்திருந்தார். நர்ஸின் பேனா தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஆறு மாசம்னு சொல்லச் சொல்றான்" என்றாள் அக்கா. "பொய், டாக்டர். அஞ்சு வருஷம். அன்னைக்கே உங்ககிட்ட சொன்னான். விரல் மரத்துப் போகுது, கழுத்துல கரண்ட் அடிக்குதுன்னு தெளிவாச் சொன்னான். நான்தான் மாத்திச் சொன்னேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

உடற்பயிற்சிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். நர்ஸ் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினாள். அவள் எழுதியது அவளுக்கே கிடைத்தது. அதை டாக்டரிடம் விரலால் காட்டினாள், வாய்விட்டுப் படிக்கவில்லை. 'வேறு புகார் இல்லை, வெயில் அதிகம் என்கிறார்' என்று இருந்தது.

திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு துரையிடம், "அன்னைக்கு உங்களை நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும். ஆமாவா இல்லையான்னு கண்ணால காட்டச் சொல்லியிருந்தாலே போதும். சிரிச்சுட்டு எழுந்துட்டோம்" என்றார். அது அக்காவின் பங்கைக் குறைக்கவில்லை. ஆறு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்கிற ஒருவனை, ஏழாவது ஆளாக நின்று அவள் தனியாகக் கெடுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. உபகரணக்காரர் தரையில் மண்டியிட்டு துரையின் இடது காலைப் பிடித்து, கட்டைவிரலால் தன் உள்ளங்கையை அழுத்தச் சொன்னார். கால் முதலில் எகிறி அவர் முகவாயில் பட்டது. மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரியாமல் அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறாவது முயற்சியில் விரல் மெல்ல அழுத்தியது. பேச்சுப் பயிற்சியாளர் பையிலிருந்து அந்தப் பொத்தான் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இந்தத் தடவை அக்காவின் முகத்தைப் பார்க்காமல் துரையின் முகத்தைப் பார்த்து, வேண்டுமா என்று கேட்டாள். துரை கண்ணை மேலே உயர்த்தினான். ஆமாம் என்று அர்த்தம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

காலால் ஓட்டினால் நூலகத்துக்குப் போக முடியுமா என்று அக்கா கேட்டாள். தெருவில் ஓட்டுகிற அளவுக்கு வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று உபகரணக்காரர் உண்மையைச் சொன்னார். ஐந்து வருஷம் முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவள் அதைத் தானே சொல்லிக்கொண்டாள்.

கூட்டம் முடிகிற நேரம். டாக்டர் பழக்கத்தில் அதே கேள்வியைக் கேட்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

துரை அக்காவின் பக்கம் திரும்பினான். இழுத்து இழுத்து, நாலே வார்த்தை சொன்னான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மென்று விழுங்கவோ மாற்றிச் சொல்லவோ வழியில்லை. எல்லோரும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய வெயில் அதிகமா இருக்காம்" என்றாள்.

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சிரித்தவர்கள் யாரும் இன்றைக்குச் சிரிக்கவில்லை. துரை மட்டும் தலையைப் பின்னால் எறிந்து வாயைத் திறந்தான். தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து நீர் காதுவரைக்கும் ஓடியது. அவன் சிரித்தாலும் அழுதாலும் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இது எது என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருஷமாக ஒரு தடவைகூட அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை.

"தெரியலை டாக்டர்" என்றாள். "அவனையே கேளுங்க."