முக்கோணத் துண்டு

அப்பாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள் மகள். ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்து, நனைத்து, மறுபடி இறக்கினாள். ஆஸ்பத்திரியில் இதே வேலையை எத்தனையோ பேருக்குச் செய்தவள்தான். இன்று வீட்டில், அப்பாவுக்கே செய்துகொண்டிருந்தாள்.

"பழம்..." என்றார் அப்பா.

"இந்த நிலைமையிலயும் வியாபாரமா உங்களுக்கு?" என்று அம்மா அதட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போனாள்.

ஆயுசு முழுக்க தர்பூசணி விற்றவர். வாங்க வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே, பழத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி, உருவிக் காட்டுவார். பிடிக்கவில்லையென்றால் முகம் கோண மாட்டார். துண்டை இருந்த இடத்திலேயே பொருத்தி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அடுத்த பழத்தைத் தட்டிப் பார்ப்பார்.

மகளுக்கு வேலை, மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் அறையில். அப்பாவுக்கே சதை எடுத்துச் சோதிக்க வேண்டி வந்தபோது, எப்படி எடுக்கலாம் என்று டாக்டர் அவளிடமே கேட்டார். இடுக்கியால் கிள்ளலாம், நொய்யளவுதான் வரும். இல்லை, குளிர்ந்த கம்பியை ஒட்டவைத்து, உறைந்த சதையை அப்படியே பிடுங்கலாம். பெரிதாக வரும், ரத்தமும் கூடவே வரும். அந்த ரத்தத்தை அவள் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கு அது வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"கொஞ்சம் எடுத்தா போதும்ப்பா, தெரிஞ்சிடும்," என்று அவருக்கும் தைரியம் சொன்னாள்.

தெரியவில்லை. கிள்ளியதில் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் உறையவைத்துத்தான் எடுத்தார்கள். அவள் பயந்த அளவுக்கு ரத்தமும் வரவில்லை. இன்ன நோய் என்று தெரிந்தபோது அது காலூன்றிவிட்டிருந்தது. வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அம்மா பழத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மகள் முக்கோணமாகக் கீறித் துண்டை உருவினாள். முகமூடியை விலக்கி, துண்டின் நுனியை அப்பாவின் உதட்டில் பிழிந்தாள்.

"அப்பா, அன்னிக்கே நான் பெரிசா எடுக்கச் சொல்லியிருந்தா..."

அவர் கண்ணைத் திறந்தார். நாக்கால் உதட்டைத் துழாவினார்.

"இனிப்பு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். "கொஞ்சம் போதும்மா... தெரிஞ்சிடுச்சு."

பழ விஷயத்தில் அவர் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

பொழுது சாயும் முன் மூச்சு நின்றது. "என்னங்க... என்னங்க..." என்று அம்மா தோளைத் தொட்டுத் தொட்டுக் கூப்பிட்டாள். மகள் முகமூடியைக் கழற்றி, ஆக்சிஜன் இயந்திரத்தை அணைத்தாள். இத்தனை நாள் அது போட்ட இரைச்சல் அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். மேஜையை ஒதுக்க, ஒரு அம்மாள் பழத்தை எடுக்கப் போனாள்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றாள் மகள்.

தட்டில் கிடந்த துண்டை எடுத்து, பழத்தில் அது இருந்த இடத்திலேயே பொருத்தி, கட்டைவிரலால் அழுத்தினாள்.