காட்டிக்கொள்ளாத டீச்சர்

நான்காம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ரகசிய டப்பா டீச்சர் என்று ஒரு பெயர் உண்டு. பிஸ்கட் வந்த பழைய தகர டப்பா அது. மூடியில் ஒரு பூனைப் படம். பூனையின் ஒரு கண்ணைத் துரு தின்றுவிட்டது. வருடத்தின் முதல் நாள் அந்த டப்பா மேஜைக்கு வரும். 'என்னைப் பற்றி டீச்சருக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம்' என்று பிள்ளைகள் ஆளுக்கொரு சீட்டு எழுதி, நாலாக மடித்து அதில் போட வேண்டும். கடைசிச் சீட்டும் விழுந்த பிறகு டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கம் செய்வாள்.

"இன்னைக்கே எல்லாத்தையும் படிச்சிடுவேன். உங்க அம்மா அப்பாகிட்ட, பெரிய டீச்சர்கிட்ட, யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அவ்வளவு ஏன், படிச்சேன்னு உங்ககிட்டயே காட்டிக்க மாட்டேன். மனசுக்குள்ள பத்திரமா வெச்சுக்குவேன்."

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். பெற்றோர் கூட்டத்தில் பெரிய டீச்சரே இந்த டப்பாவைத் தூக்கிக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறாள். இந்த ஏற்பாட்டில் ஒரு சௌகரியம் இருப்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. படித்ததைக் காட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னவளிடம் போய், 'படிச்சீங்களா?' என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

முதல் சில வருடங்கள் அவள் ஒரு சீட்டு விடாமல் படித்தாள். ஆரம்ப சூரத்தனம் யாரை விட்டது? பிறகு பாதி படித்தாள். போன வருடம் பள்ளி திறந்த அன்றே அவள் கணவர் மாடிப்படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். சரி, அந்த வாரம் போகட்டும். ஆனால் அவர் கால் கூடி, எழுந்து நடந்து, மறுபடி அதே படியில் ஓட ஆரம்பித்தே எட்டு மாதம் ஆகிறது. டப்பா அலமாரி மேலேயே இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

இந்த வருடம் முதல் நாள் அவள் சீக்கிரமே வந்தாள். கரும்பலகையைத் துடைத்தாள். பெஞ்சுகளில் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். ஆடிய நாற்காலிக்குக் கீழே அட்டையை மடித்துச் சொருகினாள். அப்புறம் ஸ்டூலில் ஏறி டப்பாவை இறக்கினாள். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது. காலியாக இருக்க வேண்டிய டப்பா!

முப்பத்துநாலு சீட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. போன வருடத்துப் பிள்ளைகள் போட்டவை. மணியடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்ததால் ஸ்டூலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

'எனக்குப் பாட்டு வரும், ஆனா பாடச் சொல்லாதீங்க.' 'எங்க நாய் நாலு குட்டி போட்டிருக்கு, உங்களுக்கு ஒண்ணு வேணுமா?' 'நான் அழுதா கண்டுக்காதீங்க, தானா நின்னுடும்.' 'என் தம்பி அடுத்த வருஷம் உங்க கிளாசுக்கு வருவான், அவன் சொல்றது எல்லாம் பொய்.' அவளுக்குச் சிரிப்பு வந்தது. அட, பெரிசாக ஒன்றும் குடி முழுகிவிடவில்லை என்று மூச்சும் வந்தது. அந்த மூச்சை விடுவதற்குள் இருபதாவது சீட்டைப் பிரித்துவிட்டாள்.

'டீச்சருக்கு, எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல் வந்ததுல போயிடுச்சு. முன்னாடி படிச்ச பள்ளிக்கூடத்துல எல்லாரும் செவிடி செவிடின்னு கூப்பிட்டாங்க. இங்க யாருக்கும் தெரிய வேணாம். உங்களுக்கு மட்டும் சொல்றேன். என்னை இடது பக்கச் சுவரோரமா உக்கார வெச்சா போதும். அப்ப எனக்கு எல்லாம் நல்லா கேக்கும்.'

கீழே பெயர். டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டதில்லை. அவளை எல்லாரும் 'சுவரு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பட்டத்தை வைத்ததும் வேறு யாருமில்லை. உயரமான பெண் என்று முதல் நாளே அவளை வலது பக்கச் சுவரோரம், கடைசி பெஞ்சில் உட்கார வைத்தவள் டீச்சர். கேட்கிற காது சுவரைப் பார்த்தபடி, கேட்காத காது வகுப்பைப் பார்த்தபடி ஒரு முழு வருடம். இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பாத ஒரு நாளில் டீச்சர் பொறுமை இழந்து, "உனக்குச் சொல்றதும் ஒண்ணுதான், சுவத்துக்குச் சொல்றதும் ஒண்ணுதான்" என்று கத்தினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் சுவரு. போகிற வருகிற பிள்ளைகள் அவள் பெஞ்சில் டொக் டொக்கென்று தட்டி, "சுவரு, உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். அதைக் கேட்டு டீச்சரும் ஒருநாள் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்ததும் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அத்தோடு போயிற்றா? முதல் கோணல் முற்றும் கோணல். பருவத்துக்கு ஒன்றாக மூன்று அறிக்கையிலும் 'கவனம் இல்லை' என்று எழுதியவளும் அவள்தான். அதை நம்பித்தான் பெரிய டீச்சர் அந்தப் பெண்ணை ஐந்தாம் வகுப்பில் தனிக்கவனப் பிரிவில் போட்டிருந்தாள். பெயர் என்னவோ மரியாதையான பெயர். பிள்ளைகள் அதைத் தூங்கு வகுப்பு என்பார்கள். பட்டியல் காலையிலேயே அறிவிப்புப் பலகையில் ஏறியிருந்தது. வரும்போது டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, 'பாவம், அங்கேயாவது தேறட்டும்' என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

அந்தப் பெண்ணின் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். துணிக்கடையில் தையல் வேலை, விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. பெற்றோர் கூட்டத்தில் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாததா டீச்சர்? நீங்க பாத்துக்குவீங்க" என்றாள். எல்லாரும் சொல்கிற பேச்சு என்று டீச்சர் தலையை ஆட்டி வைத்தாள். இன்றைக்கு அது புரிந்தது. எல்லாம் தெரிந்தவள் என்று நம்பி அந்த அம்மா பேசியிருக்கிறாள்.

மணியடித்தது. புதுப் பிள்ளைகள் புதுப் பை, புது வாசனையோடு திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். முன்பெஞ்சில் ஒன்று உட்காரும் முன்பே கேட்டது: "டீச்சர், ரகசிய டப்பா எங்க? எங்க அக்கா சொன்னா."

"நாளைக்கு" என்றாள் டீச்சர். சொன்ன வார்த்தை அவளுக்கே சுட்டது.

முதல் இரண்டு பாடவேளையும் அவள் என்ன நடத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இங்கே அது குத்தியது. பெரிய டீச்சரிடம் போய்ப் பிரிவை மாற்றச் சொல்லலாம். காரணம் கேட்பாள். காரணம் சொன்னால் அந்தப் பெண்ணின் ரகசியம் போகும். போன வருடம் கொடுத்த வாக்கில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். ஆக முதலில் போக வேண்டிய இடம் அந்தப் பெண்ணிடம்.

இடைவேளையில் வராந்தாவைத் தாண்டிப் போனாள். தனிக்கவனப் பிரிவில் பன்னிரண்டு பேர்தான். எல்லாரும் விளையாடப் போயிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் ஜன்னலோரம் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து, சட்டென்று உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றாள். வலது காது டீச்சர் பக்கம் வந்தது. போன வருடமெல்லாம் இதைத்தான் டீச்சர், 'நேரா நின்னு பேசத் தெரியாதா?' என்று அதட்டியிருந்தாள்.

"உன் சீட்டு..." என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"ஐயோ டீச்சர், அதைப் பத்திப் பேசக் கூடாதே!" பெண் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இப்ப வேற கிளாஸ் வந்துட்டேன்ல, அதனால பரவாயில்லையா?"

"நான் உன்னை அந்த மூலையிலயே உக்கார வெச்சிருந்தேனே. உனக்குக் கோவம் வரலையா?"

"மொதல்ல வந்துச்சு. அப்புறம் புரிஞ்சிடுச்சு டீச்சர். இடம் மாத்தினா ஏன் மாத்தினாங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. அதான் மாத்தல. திட்டினது கூட யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னுதானே?" அவள் முகத்தில் பெருமை. "நீங்க கொஞ்சம் கூடக் காட்டிக்கல டீச்சர். எங்க அம்மாகிட்ட அடிக்கடி சொல்லுவேன், எங்க டீச்சர் மாதிரி சொன்ன வாக்கைக் காப்பாத்தறவங்க யாருமே இல்லன்னு."

டீச்சர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளையே பூசி மெழுகிக் கொடுத்துவிட்டது. அந்த வார்த்தை அவள் தொண்டை வரை வந்ததும் உண்மை. கதை சொல்கிற நான் இதை மறைத்து அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தரப் போவதில்லை.

"நான் படிக்கவே இல்லம்மா" என்றாள். "உன் சீட்ட மட்டும் இல்ல, யாரோடதும் படிக்கல. டப்பா அலமாரி மேலயே கிடந்தது. இன்னைக்குக் காலைலதான் பிரிச்சேன். உனக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நிஜமாவே திட்டினேன்."

பெண் பாதி போட்ட அட்டையின் மடிப்பை நகத்தால் நீவினாள். அப்படியே மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். இப்போது டீச்சர் பக்கம் இருந்தது இடது காது.

டீச்சர் அங்கிருந்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள். பெண் அட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் உறைத்து, பெஞ்சைச் சுற்றி அந்தப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வலது காதருகே மறுபடி அதையே சொன்னாள். உன்னை இந்தப் பிரிவிலிருந்து மாற்ற வேண்டும், அதற்குப் பெரிய டீச்சரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், நீ சரி என்றால்தான் சொல்வேன் என்றாள்.

"நீங்க படிக்காததையும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"மொதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் என் காதைச் சொல்லுங்க."

டீச்சர் அதே வரிசையில் சொன்னாள். டப்பாவைப் பெரிய டீச்சரின் மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். பெரிய டீச்சர் ஒற்றைக் கண் பூனையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதைத் தூக்கிக் காட்டித்தானேம்மா நான் அத்தனை பெத்தவங்க முன்னாடியும் மார் தட்டினேன்" என்றாள். "மூணு அறிக்கையிலயும் கையெழுத்து உங்களோடது. கீழ என்னோடது. நானும் கேக்கலயே, எதனால கவனம் இல்லன்னு." பேனாவை எடுத்துப் பட்டியலில் ஒரு கோடு போட்டாள். "மத்தியானத்துலேருந்து அந்தப் பொண்ணு பொதுப் பிரிவுல இருக்கட்டும். உங்க விஷயத்தைச் சாயந்தரம் பேசுவோம்."

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் டீச்சரே போய் அவளைக் கூட்டி வந்தாள். பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள், பெண் கொடுக்கவில்லை. வராந்தாவில் டீச்சர் யோசித்து, யோசித்து அவளுக்கு வலப்பக்கமாக நடந்தாள். பொதுப் பிரிவில் இடது பக்கச் சுவரோரம், இரண்டாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக வைக்கச் சொல்லியிருந்தாள். உள்ளேயிருந்து யாரோ, "டேய், சுவரு வருதுடா!" என்றது. டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தப் பெயரை டப்பாவில் போட்டு மூட முடியாது.

வாசலில் பெண் நின்றாள். காலையிலிருந்து முதல் தடவையாக டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள்.

"டீச்சர், எங்க அம்மாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. உங்களைப் பத்தி நான் அவ்வளவு சொல்லி வெச்சிருக்கேன்."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே ஓர் அடி வைத்தவள் திரும்பினாள்.

"நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல நிப்பாங்க."