உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி

அந்த மூன்று மாதத்தில் எங்கள் தாமிரச் சுரங்கத்தை விட்டு ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஒன்பது பேரும் நன்றாகப் பழகிய கைகள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? "நம் சுரங்கம், நம் குடும்பம்" என்று அச்சடித்த பனியன் கொடுத்தது. மாதம் முழுக்க லீவு போடாதவனுக்கு ஒரு மூட்டை மக்காச்சோள மாவு என்று அறிவித்தது. ஏனப்பா போகிறாய் என்று ஒருவனையாவது உட்கார வைத்துக் கேட்கத்தான் ஆளில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் விரலை மேலே காட்டியிருப்பார்கள். தலைக்கு மேல் நிற்கும் பாறைதான் காரணம்.

பத்தாவதாகப் போகவிருந்தவன் முபிடா. அதுதான் என்னை அடியோடு ஆட்டிவிட்டது. நான் கடப்பாரைக்காரன். துளை போடுவதற்கு முன்னால் மேற்பாறையை நீளக் கடப்பாரையால் தட்டிக் கேட்பது என் வேலை. கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் உள்ளே பிளவு விட்டிருக்கிறது, நெம்பி இறக்கியாக வேண்டும். பதினொரு வருஷமாக நான் தட்டுவேன், முபிடா துளை போடுவான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கூண்டில் கீழே இறங்கும்போது சொன்னான்.

"வெள்ளிக்கிழம ஆபீஸ்ல வேலைய விடுறேன்னு எழுதிக் குடுக்கப் போறேன், ஜேரே. சோல்வெசி ஊர்ல தெறந்தவெளிச் சுரங்கத்துல ஆள் எடுக்கிறாங்க. மேல வானம் மட்டுந்தான்."

"வானம் விழாதுன்னு எவன் சொன்னான்?"

"விழுந்தா எல்லார் தலையிலயும் சேந்து விழட்டும். இங்க என் தலையில மட்டும்ல விழும்? நான் திரும்பி வர்ற வரைக்கும் என் பொண்டாட்டி வாசல்லயே நிக்கிறாப்பா. சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு."

அவன் போனால் அடுத்த மாதம் நானும் போய்விடுவேன் என்று தெரிந்தது. எனக்கோ போக மனமில்லை.

தொல்லை எங்கள் ஷிப்ட் பாஸ் கசொண்டேயிடம் இருந்தது. கெட்டவன் இல்லை. ஆனால் நாளுக்கு இத்தனை டன் என்ற கணக்கு அவன் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. "பாறை சரியில்லை" என்று எவன் வாயைத் திறந்தாலும் வேலையைத் தாமதப்படுத்தினான் என்று மெமோ. ஒன்பது பேரில் நாலு பேர் மெமோ வாங்கிய வாரமே கிளம்பினார்கள்.

எனக்கு அவன் மெமோ கொடுக்க முடியாது. அவன் பெம்பா இனம், நான் ங்கோனி இனம். எங்கள் பாட்டன்மார் ஈட்டியோடு மோதிக்கொண்டவர்கள். சண்டை ஓய்ந்தபின் கேலி முறை மட்டும் மிஞ்சியது. எந்த ங்கோனியும் எந்தப் பெம்பாவையும் மூஞ்சிக்கு நேராக வையலாம், அவனும் வையலாம், கோபிக்கக் கூடாது. அவனுக்கு நான் எலி தின்னி, எனக்கு அவன் குரங்கு தின்னி. சாவு வீட்டிலும் இந்த முறை உண்டு. பெம்பா ஒருவன் செத்தால் நாங்கள் போய்ச் செத்தவனைப் போல நடித்துக் காட்டி, பெட்டியை வழிமறித்துப் படுத்துக்கொள்வோம். அபராதம் கட்டினால்தான் எழுந்திருப்போம். நாலு வருஷத்துக்கு முன் கசொண்டேயின் அப்பா இறந்தபோது அவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு அவரைப் போலவே நொண்டிக் காட்டியவன் நான்தான். கசொண்டே அழுதுகொண்டே சிரித்தான்.

இந்த முறையே எனக்கு எதிராகத் திரும்பியது. நான் எதைச் சொன்னாலும் அவனுக்குக் கேலிதான். பதினாலாம் குடைவில் பாறை சரியில்லை என்று முந்தின வாரம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பதினொரு வருஷம் விளையாடி விளையாடி என் வாய்க்கு மதிப்பில்லாமல் ஆக்கிக்கொண்டது நானேதான். வேறு யாரைக் குற்றம் சொல்ல?

அன்று கூண்டை விட்டு இறங்கியதும் பதினாலில் தட்டினேன். பொத். வலப்பக்கச் சுவரிலிருந்து நடுவரைக்கும் பொத், பொத். நெம்பி இறக்கலாம் என்றால் விளிம்பே தட்டுப்படவில்லை, அவ்வளவு பெரிசு. பொடி உதிர்ந்து கழுத்துக்குள் விழுந்தது. கசொண்டேயைக் கூப்பிட்டேன்.

"மச்சான், இது வெளையாட்டில்ல."

"உன் பூட்சுக்குள்ள பாம்புன்னு போன மாசம் சொன்னியே, அப்பவும் இதத்தான்டா சொன்ன! எலி தின்னிக்கு வளைக்குள்ளயே பயம் வந்துருச்சா? முபிடா, மிஷின உள்ள எடு."

முபிடா என்னைப் பார்த்தான். மாட்டேன் என்றால் மெமோ, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே போய்விடுவான். குடைவுக்குள் போனால் பாறை. அவன் துளை மிஷினைத் தூக்கினான்.

என்ன நினைத்தேனோ தெரியாது. கடப்பாரையைத் தரையில் வீசிவிட்டு, பதினாலாம் குடைவின் வாசலில் குறுக்கே மல்லாந்து படுத்து மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட ஆரம்பித்தேன்.

"ஐயோ கசொண்டே மச்சான், போயிட்டியே! முழுக் கொரங்க ஒத்த வாயில தின்ன மகராசா, மண்ணத் தின்னப் போயிட்டியே! எத்தன டன்னு, எத்தன டன்னுன்னு எங்க உசுர வாங்கினியே! இப்ப உன் மேல எத்தன டன்னு கெடக்குன்னு எண்ணிப் பாத்தியா மச்சான்!"

ஒரு நிமிஷம் எல்லோரும் திகைத்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. எங்கள் குழுவில் இருந்த இன்னொரு ங்கோனி கை தட்டித் தாளம் போட்டான். கசொண்டேயும் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டக் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது. ஒப்பாரி வைக்கும் முறைக்காரனை அபராதம் கட்டாமல் தாண்டிய பெம்பா எவனும் இல்லை. அப்பாவின் பெட்டி அவன் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"சரி, தொலை. என்ன அபராதம்?"

"காசு வேணாம். கடப்பாரைய நீ எடு. உன் கையால நாலு தட்டு தட்டு. எந்திரிச்சிர்றேன்."

"அவ்வளவுதானா? செத்தவனுக்கே வேலையா!"

கேட்ட அபராதத்தை மறுக்க முடியாது. வித்தைக்காரன் மாதிரி கடப்பாரையைச் சுழற்றி முதல் தட்டு தட்டினான். பொத். சிரிப்பு போகவில்லை. கையை நீட்டி இரண்டாவது தட்டு. பொத். மூன்றாவது தட்டியபோது சிரிப்பைக் காணோம். அவனும் ஒரு காலத்தில் கடப்பாரை பிடித்தவன்தான், அவன் காது அதை மறந்திருக்கவில்லை. நாலாவது தட்டு தட்டவேயில்லை. முதுகைத் திருப்பாமல் ஓரோர் அடியாகப் பின்னால் வந்தான்.

"எல்லாரும் வெளிய. மிஷின அங்கயே போடு. சத்தம் போடாம நடங்க."

கெட்டிப் பாறைக்குக் கீழே போய் நின்றோம். பாதிப் பாட்டில் தண்ணீர் குடித்திருப்போம், அவ்வளவுதான். காற்று முதலில் முகத்தில் அறைந்தது, பிறகு சத்தம். புழுதி அடங்கியதும் விளக்கைத் திருப்பிப் பார்த்தோம். முபிடா நின்றிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மினி பஸ் அளவுக்கு ஒரே பாறை கிடந்தது. வாசலில் போட்ட மிஷினும் அதற்கு அடியில்.

கசொண்டே தலைகளை எண்ணினான். பதிமூன்று. ஒருவரும் குறையவில்லை. நம்பாமல் மறுபடி எண்ணினான். பதிமூன்று. அப்புறம் யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது, எல்லோரும் புழுதிக்குள் குதித்தோம், ங்கோனிகள் நாங்கள் எங்கள் போர் ஆட்டம் ஆடினோம், பெம்பாக்கள் விசிலடித்தார்கள். கசொண்டே என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எலி தின்னிப் பயலே, என் அப்பன் சாவுக்கப்புறம் இன்னிக்குத்தான்டா உன் ஒப்பாரியக் காது குடுத்துக் கேட்டேன்."

மேலே புது மேனேஜர் காத்திருந்தார். பாறை விழுவதற்கு முன்பே வேலையை நிறுத்தியது யார் என்றார். கசொண்டே என்னைக் காட்டினான்.

"இவருக்கு அந்த அதிகாரத்த யார் குடுத்தது?"

"இந்தச் சுரங்கத்தத் தோண்டுறதுக்கு முன்னாடியே எங்க பாட்டனுங்க குடுத்தது சார். இனிமே நீங்களும் குடுங்க. கடப்பாரைக்காரன் சரின்னு சொல்லாம ஒரு மிஷினும் சுத்தக் கூடாது. நிறுத்தச் சொன்னவனுக்கு மெமோ கெடையாது. எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லாட்டி இந்தப் பதிமூணு பேரும் எழுதிக் குடுப்போம். மொதக் கையெழுத்து என்னோடது," என்றான் கசொண்டே.

மேனேஜர் எங்கள் புழுதி மூஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேப்பர் கேட்டார். நின்றபடியே எழுதினார். அன்று மாலையே அது எல்லா ஷிப்ட் பலகையிலும் ஒட்டப்பட்டது. அடுத்த நாள் மூன்றாம் குடைவில் ஒருவன் வேலையை நிறுத்தினான், ஒருவரும் அவனைத் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் முபிடா ஆபீசுக்குள் போனான். இவ்வளவு பண்ணியும் போகிறானே என்று ஆத்திரமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான்.

"எழுதிக் குடுத்தாச்சா?" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"குடுத்தாச்சு. என் தம்பிக்கு வேல கேட்டு விண்ணப்பம். எந்த ஷிப்டுன்னு கேட்டாங்க. என் ஷிப்டுதான், ஜேரே தட்டுற ஷிப்டுன்னு சொல்லிட்டேன். பொண்டாட்டியும் அதான் சொன்னா."

இந்த மனுஷன் தன் சொந்தத் தம்பியைக் கொண்டுவந்து என் கடப்பாரையை நம்பி நிறுத்துகிறான். ஆபீஸ் வாசல் என்றும் பார்க்காமல் அழுதேன்.