சிவக்க விட்ட மிளகாய்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மிளகாய் விவசாயத்தில் பதினாறு வருட அனுபவம். ஆனால் எங்கள் வயலில் ஒரு சிவப்பு மிளகாயை நாங்கள் பார்த்ததே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். காய் விரல் நீளம் வந்ததும் பறித்து மூட்டை கட்டிவிடுவோம். பழுக்க விட்டு, காயவைத்து, வற்றலாக விற்றால் பச்சைக்காய் விலையைப் போலப் பல மடங்கு கிடைக்கும் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதற்கு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு அரிசிப் பானை ஒன்றரை வாரம்கூடக் காத்திருக்காது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னாரே ஒரு மகராசன், அவர் வீட்டில் அன்றைக்கு அரிசி இருந்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஏழைக் குடும்பங்களுக்கு உதவுகிற ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன், காலில் எங்கள் தெருச் சேறு. மாதாமாதம் என் போனுக்குப் பணம் வரும், ஒரு வருடம் வரும் என்றாள்.

"திருப்பித் தரணுமாம்மா?"

"வேணாங்க."

"எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு எது அவசியமோ அதுக்குச் செலவு பண்ணிக்கலாம்."

அவள் போன பிறகு வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தபடியே சொன்னார்: "எலிப்பொறியில வைக்கிற தேங்காத்துண்டும் சும்மாதான் கிடைக்குது."

எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் முதல் மாதம் பணம் வந்தது. என் மகள்தான் வாசித்துச் சொன்னாள். பதின்மூன்று வயது, வாய் மட்டும் முப்பது வயது. அடுத்த மாதமும் வந்தது. அதற்குள் என் நாத்தனார் காதுக்குச் செய்தி போய், அவள் வந்து எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தகரம் போட்டுடு அண்ணி, ஊரே பார்க்கும்" என்றாள். ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாழ்கிற ஜன்மம் அது. நல்லவள்தான்.

எனக்கு வேறு ஆசை. செடியில் பூ உதிர்ந்து காய் இறங்கியிருந்த நேரம். ஒரு நாள் சாப்பாடு போடும்போது சொன்னேன்.

"இந்தத் தடவை பறிக்க வேண்டாம். பழுக்கட்டும்."

"பறிக்காம? அழகுக்கா தொங்கவிடுறது?"

"அரிசிக்குத்தான் மாசம் பிறந்தா பணம் வருதே. வத்தலாப் போடுவோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நம்ம காயை நாம முழுசாப் பார்க்கணும்."

அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அவர் எப்போதும் எதையும் அழுத்தி மறுக்கமாட்டார். கல்யாணம் ஆன புதிதில் அதைச் சாந்தம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மறுத்துப் பேசிப் பழக்கமே இல்லாத மனுஷன். முக்கியமாகத் தரகர் முன்னால். தரகர் வாரம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் தராசோடு வருவார். அவரே எடை போடுவார், அவரே விலை சொல்வார். இவர் மூட்டையைத் தூக்கிக் கட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கிற எனக்குத்தான் வயிறு எரியும்.

அந்த வாரமும் தரகர் வந்தார். "காய் முத்திப்போச்சே, இன்னுமா பறிக்கல?" என்றார். இவர் என்னைப் பார்த்தார். சிவக்கட்டும் என்று விட்டிருப்பதாக நான்தான் சொன்னேன். தரகர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வயல்காரன் எட்டிப் பார்த்தான். "சும்மா வந்த காசு உங்களைச் சும்மா இருக்க விடலபோல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விட்டுவைப்பது லேசான வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. இவர் கை சும்மா இருக்காது. களை எடுக்கப் போனவர் திரும்பி வரும்போது மடியில் பச்சைக்காய் இருக்கும். "நான் பறிக்கல, கை தானாப் போயிருது" என்பார். பிள்ளையைத் திட்டுகிற மாதிரி புருஷனைத் திட்ட முடியுமா? திட்டினேன்.

ஒரு காலையில் மகள் ஓடிவந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஒரு காய், காம்புவரை சிவந்து தொங்கியது. நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் வேலை செய்யாமல் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அடுத்த பத்து நாளில் வயல் முழுக்கச் சிவந்துவிட்டது. பெருமையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பெருமைக்கு ஒரு கொட்டு விழுந்தது. முதல் பறிப்பில் நாலு கூடை பழம். வழக்கம்போல் மூட்டையில் அமுக்கிக் கட்டி நிழலில் வைத்தோம். வழக்கம்போல் இவர் செம்பில் தண்ணீர் எடுத்து மூட்டைமேல் தெளித்தார். பச்சைக்காய்க்கு அப்படித்தான் செய்வோம், வாடாமல் இருக்கும், எடையும் நிற்கும். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நன்றாகத் தெளிங்க, அடிப்பக்கம் நனையவில்லை என்றுகூடச் சொன்னேன். காயவைக்க வேண்டிய பழத்தைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்த புத்திசாலிகள் நாங்கள். மூன்று நாள் கழித்து அவிழ்த்தால் உள்ளேயிருந்து சூடான ஆவியும் நாற்றமும் வந்தன. பழத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

அவர் மூட்டை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "பச்சையாவே வித்திருக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன்.

வேறு வருடமாக இருந்தால் அன்று சாயங்காலமே மிச்சக் காயையெல்லாம், பச்சையோ சிவப்போ, உருவித் தரகரிடம் போட்டிருப்போம். ஆனால் இரண்டு நாளில் அந்த மாதத்துப் பணம் வந்தது. அரிசி வாங்கினேன். மிச்சத்தில் இரண்டு தார்ப்பாய் வாங்கினேன், விரிக்க ஒன்று, மூட ஒன்று. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தப்புப் பண்ணுவதற்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டும். பணக்காரன் தப்புப் பண்ணினால் அதற்குப் பெயர் அனுபவம். எங்களுக்கு இத்தனை வருடம் அந்த அனுபவத்துக்குக்கூட வழி இருந்ததில்லை.

இரண்டாவது பறிப்பு பதினோரு கூடை. வாசலில் தார்ப்பாயை விரித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பினோம். காலையில் விரிப்பது, மத்தியானம் கையால் புரட்டுவது, பொழுது சாயும் முன் குவித்து மூடுவது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்தாயிற்று என்று அர்த்தம். "இன்னும் பேசமாட்டேங்குதும்மா" என்பாள். தெருவே தும்மிக்கொண்டிருந்தது. நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, தகரத்தை மறந்து, தானும் உட்கார்ந்து புரட்டினாள்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் வானம் இருண்டது. அதே நேரம் தரகர் வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நேராகத் தார்ப்பாய் ஓரம் வந்து, ஒரு மிளகாயை எடுத்து வளைத்துப் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரியும். சரக்கு பிடித்துவிட்டது.

"மழை வருது. நனைஞ்சா ஒண்ணுக்கும் ஆகாது. இப்பவே குடுத்துடு, நான் என் களத்துல காயவெச்சுக்கறேன்" என்று ஒரு விலை சொன்னார். பச்சைக்காயைவிட அதிகம். வற்றலுக்குப் பாதிகூட இல்லை. சொல்லிக்கொண்டே தராசை மரக்கிளையில் மாட்டிவிட்டார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் தரகர் என்னைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார். இவர் மூட்டை கட்டுகிற சணலைக் கையில் வைத்திருந்தார். பழக்கத்தில் கை தானாகப் போய்விடுமோ என்று பயந்தேன்.

இவர் சணலைத் தோளில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு மிளகாயை எடுத்துக் காதருகே ஆட்டினார்.

"இன்னும் காயலைங்க. நாளைக்கு வாங்க."

"மழை வருதுங்கறேன்!"

"வந்தா மூடிக்குவோம். ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்க மாட்டோமா? நாளைக்கு வாங்க."

ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், கூலி வாங்கப் போன இடத்தில், எல்லாரும் அந்த மனுஷனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை, இந்த 'நாளைக்கு வா'. அவர் வாயிலிருந்து அது வந்து நான் கேட்டதில்லை. அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, முறைத்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னார். இந்த ஆள் என் புருஷன் என்று தெருவில் நின்று கத்தலாம்போல இருந்தது.

தரகர் வற்றலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். பிறகு தராசைக் கிளையிலிருந்து கழற்றி மடித்தார்.

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார்.

"வெயில் சாயட்டும், அப்புறம் வாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "காலையில எங்களுக்கு வேலை இருக்கு."